சார்ஜ் பலகையில் திறந்து கிடந்த கடிதம்

செந்தில் ஒரு கையில் டீ டம்ளரும் இன்னொரு கையில் மரகதத்தின் போனுமாக நின்றுகொண்டு, எழுத்துக் கூட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தான்.

"'அங்க கடல் என்ன கலருங்க? நான் கடலே பாத்ததில்லை.'"

பேக்கிங் மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அயர்ன் டேபிளிலிருந்து எழுந்த நீராவியும் இஞ்சி டீயின் வாசனையும் கலந்து கிடந்த நேரம் அது. மூன்று மணி டீ. செந்தில் எங்கள் பனியன் கம்பெனியின் அயர்ன் மாஸ்டர்களில் ஒருவன். கெட்டவன் இல்லை. கூட்டம் சிரித்தால் மேலும் சிரிக்க வைக்க வேண்டும் என்று நினைக்கிறவன்.

"அப்பறம்? பதில் என்னடா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இருங்க, பதிலும் வந்திருக்குது. 'காலையில நேவி. மத்தியானம் டர்க்காய்ஸ். சாயங்காலம் என்ன ஷேடுன்னு நீங்கதான் வந்து பாத்துச் சொல்லோணும்.'"

"ஷேடு அப்ரூவல் ஆயிருச்சுடோய்!"

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மரகதம் வந்துவிட்டாள். செக்கிங் செக்‌ஷனில் துணியின் நிறத்தை வாங்குபவர் ஒப்புக்கொண்ட சாம்பிளோடு வைத்துப் பார்ப்பது அவள் வேலை. தலையில் பஞ்சுத் தூசி படாமல் இருக்க முந்தானையால் நெற்றிவரை மூடியிருந்தாள். அவள் கத்தவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

"குடுங்க."

"சும்மா விளையாட்டுக்குத்தானுங்கக்கா..."

"குடுங்க செந்திலு."

போனை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். நான் அப்போது பேக்கிங் இன்சார்ஜ். அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு போய் அவள் சொன்னது இது:

"வசந்தாக்கா, என்ர புள்ளைக்கு இன்னும் தெரியாதுங்க. வேன் கெளம்பறதுக்குள்ள நான் ஊட்டுக்குப் போயி அவகிட்டச் சொல்லோணும்."

மரகதத்தின் ஊரிலிருந்து எங்கள் கம்பெனி வேனில் வருகிற பெண்கள் நான்கைந்து பேர் உண்டு. அவர்களும் மேசையருகே நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். வேன் ஆறு மணிக்குக் கிளம்பும்.

பலகை

நாள் எது என்று கேட்கிறவர்களுக்கு: கார்த்திகை தீபம் முடிந்திருந்தது, மார்கழி பிறக்கவில்லை. ஒரு சனிக்கிழமை. முதலில் ஐப்பசி என்றுதான் எழுதினேன். பிறகு யோசித்து அடித்துவிட்டேன். ஐப்பசி என்றால் மழை இருந்திருக்கும். அன்று சாலையில் புழுதி பறந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆண்டைப் பொறுத்தவரை, தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போகத் தொடங்கிய ஆண்டுகளில் ஒன்று என்று சொன்னால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் போதும்.

அந்தக் கரண்ட் கட்தான் சார்ஜ் பலகையைக் கொண்டுவந்தது. வீடுகளில் கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது. கம்பெனியிலோ ஜெனரேட்டர் ஓடும். எனவே எல்லோரும் போனைக் காலையில் கம்பெனிக்குக் கொண்டுவந்து சார்ஜ் ஏற்றுவார்கள். எலக்ட்ரீஷியன் ஒரு நீளப் பலகையில் வரிசையாக ப்ளக் வைத்து, பேக்கிங் செக்‌ஷனின் ஜன்னலோரம் அடித்துக் கொடுத்தார். அந்த ஜன்னலில்தான் சிக்னலும் நன்றாகக் கிடைக்கும்.

பலகைக்கு எழுதாத சட்டங்கள் இருந்தன. மணி அடித்தால் பக்கத்தில் இருப்பவர் எடுக்க வேண்டும். "அவிய தைக்கிற லைன்ல இருக்காங்க, வந்ததும் சொல்றேனுங்க" என்று பதில் சொல்ல வேண்டும். ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லையோ, என்ன அவசரமோ, அப்படியொரு நல்லெண்ணம். ஆகவே போனுக்கு யாரும் ரகசிய எண் வைக்கவில்லை. வைத்தால் தப்பாக நினைப்பார்கள். கட்டிங் மாஸ்டர் ஒருவர் வைத்துவிட்டு ஒரு வாரம் பட்ட பாடு எனக்குத் தெரியும். "ஏனுங்க மாஸ்டர், உள்ள அப்படி என்னத்தப் பதுக்கி வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டே அவரை எடுக்க வைத்துவிட்டார்கள்.

இந்தப் பழக்கம் புதிதல்ல. செல்போன் வருவதற்கு முன்னால் எங்களில் பெரும்பாலோர் பக்கத்து வீட்டு டெலிபோன் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருந்தோம். நம்பருக்குப் பின்னால் 'பி.பி.' என்று போடுவோம். போன் வந்தால் அந்த வீட்டுக் குழந்தை ஓடிவந்து கூப்பிடும். நாம் போய் அவர்கள் கூடத்தில் நின்று பேசுவோம். அவர்கள் டி.வி.யின் சத்தத்தைக் குறைப்பார்கள், நாம் பேசுவதற்கு வசதியாக. தங்களுக்குக் கேட்பதற்கும் வசதியாகத்தான். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொன்ன செய்தியை ஒருத்தி நான்கு பேருக்கு நடுவில் நின்று, "சரிங்க, சரிங்க, பரவால்லீங்க" என்று சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

சொந்தமாக ஒரு போன் கைக்கு வந்தபோது அந்தக் கூடம் தொலைந்தது என்று நினைத்தோம். பலகை அடித்தோம், கூடம் திரும்ப வந்துவிட்டது.

இடது பொத்தான்

எங்கள் போன்களில் இன்டர்நெட் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அன்று நடந்தது புரியாது.

முதலில் அதற்கு எல்லோரும் பயந்தார்கள். நடுப் பொத்தானைத் தெரியாமல் அழுத்தினால் உலக உருண்டை ஒன்று திரையில் சுற்ற ஆரம்பிக்கும். பேலன்ஸ் போய்விடுமே என்று சிவப்புப் பொத்தானைப் போட்டு அமுக்கு அமுக்கென்று அமுக்குவோம். பிறகு மாதத்துக்கு இவ்வளவு என்று பேக் போட்டுக்கொள்ளும் வசதி வந்ததும் பயம் தெளிந்தது. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டைப் போனிலேயே பார்க்கலாம் என்று தெரிந்தபோது செக்கிங் செக்‌ஷனே என்னைச் சூழ்ந்துகொண்டது.

எங்களில் முதலில் இமெயில் ஐடி தொடங்கியது நான். இரண்டாவது மரகதம். தமிழ் எழுத்து அந்தத் திரையில் வராது. வெறும் கட்டங்களாக வரும். எனவே தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ஒரே பொத்தானை மூன்று தடவை அமுக்கினால் ஒரு எழுத்து. ஒரு வரி எழுதுவதற்குள் கட்டைவிரல் நோகும். மரகதம் எட்டாவதோடு நின்றவள். பெட்டிகளின் மேல் ஒட்டும் லேபிள்களைப் பார்த்துப் பார்த்தே ஆங்கில எழுத்துகளை மறக்காமல் வைத்திருந்தாள்.

கம்ப்யூட்டர் பற்றிய ஒரு பத்திரிகையில் நான் படித்த சில எச்சரிக்கைகளை அவளிடமும் சொல்லியிருந்தேன். திரையின் மூலையில் சின்னப் பூட்டுப் படம் இருந்தால்தான் பாஸ்வேர்டு அடிக்க வேண்டும். முகம் தெரியாதவர் அனுப்பும் இணைப்பைத் தொடக் கூடாது. பார்த்து முடித்ததும் வெளியே வந்துவிட வேண்டும். 'பாஸ்வேர்டை நினைவில் வைக்கவா?' என்று போன் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

கேட்டுக்கொண்டாள். ஆனால் போன் எதைக் கேட்டாலும் ஆம் என்பது இடது பொத்தானில் இருந்தது, இல்லை என்பது வலது பொத்தானில். செக்கிங் மேசையில் நல்ல பீஸ் இடது பக்கம் போகும், ரிஜெக்ட் வலது பக்கம் போகும். நாள் முழுக்க அதையே செய்கிற கைகள். இதனால்தான் அவர்கள் எல்லோரும் இடது பொத்தானையே அழுத்தினார்கள் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. அயர்ன் செக்‌ஷனிலும் அதைத்தான் அழுத்தினார்கள். கேட்டதற்கெல்லாம் சரி என்று சொன்னால் வேலை சீக்கிரம் முடியும் என்று எங்களுக்கு வேறு இடங்களிலும் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பக்கம் திறக்க நேரம் பிடிக்கும். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிற மாதிரி, பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போனைப் பலகையில் வைத்துவிட்டு மிஷினுக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது வெந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை மரகதம் அதைத்தான் செய்திருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்து, கடிதத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனாள். டீ நேரத்தில் மணி அடித்தது. யாரோ ராங் நம்பர். பக்கத்தில் இருந்த செந்தில், பலகையின் சட்டப்படி எடுத்தான். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். அழைப்பு முடிந்ததும் திரை பழைய இடத்துக்கே திரும்பியது.

அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்த கடிதங்களைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். அரசர்கள் மோதிரத்தை அழுத்துவார்கள். உள்ளே இருப்பதெல்லாம் பெரும்பாலும் படை, வரி, கல்யாணம் இவைதான். கல்யாணம் எல்லோருக்கும் உண்டு. அரக்கு மட்டும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

மஸ்கட்டில் ஒருவர்

மரகதத்தின் கணவர் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். காமாலையில் இறந்துபோனார். அப்போது மகள் காவ்யாவுக்கு எட்டு வயது முடிந்திருந்தது. மரகதத்தின் அண்ணன் பொன்னுசாமி, தங்கையையும் மருமகளையும் மங்கலம் தாண்டியுள்ள தன் ஊருக்குக் கூட்டிவந்து, தறிக் கொட்டகையை ஒட்டி இருந்த ஒற்றை அறையை வெள்ளையடித்துக் கொடுத்தார். அதற்கு அவர் வாடகை என்று ஒரு பேச்சை எடுத்ததில்லை. இதை மரகதமே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

ராஜேந்திரன் பல்லடம் பக்கத்துக்காரர். மஸ்கட்டில் ஒரு குடோனில் வேலை. மனைவியை இழந்தவர். விடுமுறையில் வந்திருந்தபோது ஒரு கிரகப்பிரவேசத்தில் இருவரும் பேசியிருக்கிறார்கள். அங்கிருந்து போன் பேசக் காசு ஆகும். பேசினாலும் பலகையில் வேறு யாராவது எடுப்பார்கள். கடிதம் எழுதினால் அண்ணன் வீட்டு விலாசத்துக்கு வரும். மிச்சமிருந்தது அந்தச் சின்னத் திரைதான்.

எட்டு மாதமோ ஒன்பது மாதமோ எழுதிக்கொண்டார்கள். மரகதம் எனக்கு ஒன்றையும் படித்துக் காட்டியதில்லை. ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தாள்.

"கட்டிக்கலாமுன்னு அவரு கேட்டிருக்கறாருங்கக்கா. நான் இன்னும் சரீன்னு சொல்லலை. மொதல்ல காவ்யாகிட்டச் சொல்லோணும். அவ சரீன்னாத்தான். எங்கண்ணனுக்குக்கூட அதுக்கப்பறந்தான்."

"எப்பச் சொல்லப் போற?"

"அரைப்பரீட்சை முடியட்டுமுங்க. இப்பச் சொன்னா அவளுக்குப் படிப்பு ஓடாது. அவிய அப்பா சட்டை ஒண்ணை இன்னும் தலகாணி உறைக்குள்ள வெச்சிருக்கறா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கறா."

முடிவைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் நடந்தது. அடுத்த ஆண்டு, அவர் விடுமுறையில் வந்தபோது, பதிவு அலுவலகத்தில். இறந்தவரின் வீட்டார் யாரும் வரவில்லை. அதன் பிறகு அவர்கள் காவ்யாவைப் பார்க்கவும் வரவில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை மரகதம் கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. அம்மா வேறொருவரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்ற செய்தியை ஒரு பெண் குழந்தை யார் வாயால் கேட்கப் போகிறது என்பதுதான் அவள் கவலை. அதுவும் சிரித்துக்கொண்டே சொல்லுகிற வாய்.

பாலத்தில்

மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு என் வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மங்கலம் ரோட்டில் துணிக் கட்டு ஏற்றிய வேன்கள், சைக்கிளில் தறிக்கு நூல் சுற்றிய பாவு உருளை கொண்டுபோகிறவர்கள். மரகதம் என் தோளைப் பிடித்திருந்தாள்.

நொய்யல் பாலத்தின் மேல் அவளுடைய போன் மணி அடித்தது. வண்டியை ஓரம் கட்டினேன். கீழே ஆறு சாயக் கழிவால் கத்தரிப்பூ நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு போனது. அவள் போனைக் காதில் வைத்தாள். "சரிங்கண்ணா," என்றாள். "வந்துட்டுத்தான் இருக்கறனுங்கண்ணா," என்றாள். வைத்துவிட்டாள்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சிருச்சுங்க. தனம் அவ ஊட்டுக்காரருக்குப் போன் பண்ணியிருக்கறா. அவரு போயி எங்கண்ணங்கிட்டச் சொல்லீட்டாராமா."

தனம் மரகதத்தின் தெருவில் இருப்பவள், எங்கள் கட்டிங் செக்‌ஷனில் வேலை செய்தவள். வேனை முந்துவதைப் பற்றி யோசித்த நாங்கள் போனை மறந்திருந்தோம்.

"காவ்யா?"

"டியூசன் போயிருக்கறா. அஞ்சு மணிக்குத்தான் வருவா. அண்ணன் போனைக் காட்டுன்னு சொல்றாருங்க."

"இப்பவே எல்லாத்தையும் அழிச்சரலாம்," என்றேன். "ஒரு பத்து நிமிசம். ஒரு கடுதாசி இல்லாமப் பண்ணித் தர்றேன்."

அவள் யோசிக்கக்கூட இல்லை. "வேண்டாமுங்க. அழிச்சா நான் என்னமோ தப்புப் பண்ணுனதாகீரும். அதுல ஒரு வார்த்தை தப்பா இல்லீங்க."

"அழிக்க வேண்டாம்னா வேண்டாம். பூட்டவாவது பூட்டு. இப்ப ஆரு எடுத்தாலும் நேராக் கடுதாசி வந்து நிக்குது."

"பூட்டுனா மறைக்கிற மாதிரி ஆகாதுங்களா?"

"ஊட்டுக் கதவைச் சாத்தறோம் மரகதம். திருட்டுச் சொத்து வெச்சிருக்கறதுனாலயா சாத்தறோம்?"

அவள் போனை எடுத்தாள். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, நான் சொல்லச் சொல்ல அவளே செய்தாள். வெளியேறு. உருண்டை சுற்றியது. லாரி ஒன்று பாலத்தை அதிரவைத்துக்கொண்டு போனது. உருண்டை இன்னும் சுற்றியது. சிக்னல் ஒற்றைக் கம்பியில் நின்றது. நினைவில் வைத்திருக்கும் பாஸ்வேர்டை நீக்கவா? ஆம். இனிமேல் நினைவில் வைக்கவா?

அவள் கட்டைவிரல் இடது பக்கம் போனது. நின்றது. வலது பக்கம் வந்து அழுத்தியது.

தறி நின்ற ஊர்

நாங்கள் போனபோது அந்த ஊரில் கரண்ட் இல்லை. விசைத்தறி ஊர்களில் தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசினாலும் கேட்காது. கையைக் காட்டித்தான் பேசுவார்கள். தறி நின்றால் எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். தெருவில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சு எங்கள் வண்டி வந்ததும் நின்றது. நாங்கள் கடந்ததும் மறுபடி தொடங்கியது.

பொன்னுசாமி கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் எண்ணெய்த் துணி. உயரமானவர், தலைமுடி முழுக்கப் பஞ்சு. என்னைப் பார்த்து, "வாங்க" என்றார். மரியாதையில் குறை வைக்கவில்லை. பிறகு தங்கை பக்கம் திரும்பினார்.

"தனத்தோட ஊட்டுக்காரன் வந்து கேக்கறான். 'உன்ர தங்கச்சி கடலப் பாக்கப் போறாளாமா, எப்பப் பயணம்?'னு. எம்பட வாசல்ல நின்னு கேக்கறான்."

மரகதம் தலையைக் குனியவில்லை. "எனக்கு அது தெரியுமுங்கண்ணா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? நானு வேண்டாம்னா சொல்லீருப்பேன்?"

"சொல்லீருப்பீங்கண்ணா."

பொன்னுசாமி எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். அது உண்மைதான் என்று அவருக்கும் தோன்றியதாக நான் எடுத்துக்கொண்டேன்.

"அந்தப் போனைக் குடு."

கொடுத்தாள். அவர் கையில் அது தீப்பெட்டி மாதிரி இருந்தது. பொத்தான்களை அழுத்தினார். திரையின் வெளிச்சத்தில் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு ஆங்கில எழுத்துப் பழக்கம் கிடையாது. என்னிடம் நீட்டினார்.

"நீங்க படிச்சுச் சொல்லுங்க. என்னதான் எழுதியிருக்குதுன்னு கேட்டுப்போடலாம்."

"அது எனக்கு வந்த கடுதாசி இல்லீங்க," என்றேன்.

அப்போதுதான் காவ்யா வந்தாள். தோளில் பை, கால் முழுக்கப் புழுதி, ரிப்பன் ஒன்று அவிழ்ந்து தொங்கியது. வழியில் யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் மரகதத்துக்கு அது தெரிந்துவிட்டது. அவள் மூச்சு விட்டதை நான் கேட்டேன்.

"இந்நேரத்துல வந்துட்டீங்களாம்மா?" என்றாள் குழந்தை, சந்தோஷமாக.

மரகதம் அவள் பக்கம் ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் பொன்னுசாமி முந்திக்கொண்டார். கெட்ட எண்ணம் இல்லை. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஆள் ஒன்று வீட்டுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான் அவர் யோசித்தது. தறிக்கு வருகிற ஆங்கிலச் சீட்டுகளை எல்லாம் அவளிடம்தான் அவர் படிக்கக் கொடுப்பார்.

"அம்முணி, இங்க வா. இதுல என்ன எழுதியிருக்குதுன்னு மாமனுக்குப் படி."

போன் காவ்யாவின் கைக்குப் போய்விட்டது. மரகதம் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றாள்.

காவ்யா திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன.

"ஒண்ணும் எழுதலீங்க மாமா. பாஸ்வேர்டு கேக்குது."

"அப்படீன்னா?"

"அதைப் போட்டாத்தான் தொறக்கும்." நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "பாஸ்வேர்டு என்னங்கம்மா?"

மரகதம் மகளின் கையிலிருந்து போனை எடுத்தாள். மெதுவாகத்தான் எடுத்தாள். அதைத் திருப்பி அண்ணனிடமே கொடுத்தாள்.

"அது நான் எழுதுனது கண்ணு. நானே உங்கிட்டச் சொல்றேன்."

"இங்கயே சொல்லு," என்றார் பொன்னுசாமி. "எல்லாரும் கேக்கோணுமல்ல?"

"அவ கேட்டாப் போதுமுங்கண்ணா. அப்பறம் நீங்க கேளுங்க. எல்லாத்தையும் படிச்சுக் காட்டறேன்."

பொன்னுசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரத்தில் கரண்ட் வந்தது.

கட்டில்களில் இருந்தவர்கள் எழுந்து கொட்டகைகளுக்கு ஓடினார்கள். தெருக்கோடியில் ஒரு தறி எடுத்தது. அப்புறம் இன்னொன்று. பிறகு பொன்னுசாமியின் கொட்டகையில் அவருடைய ஆள் ஒவ்வொன்றாக இழுத்துவிட, எங்கள் காலுக்குக் கீழே தரை அதிர ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அந்த ஊரில் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

மரகதம் மகளின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். அவிழ்ந்த ரிப்பனை ஒதுக்கிவிட்டு, அவள் காதோரம் வாயை வைத்துப் பேசினாள். இரண்டு அடி தள்ளி நின்ற எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. பொன்னுசாமிக்கும் கேட்டிருக்காது. காவ்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையின் வாரைக் கட்டைவிரலில் சுற்றினாள், பிரித்தாள், சுற்றினாள். ஒருமுறை நிமிர்ந்து எதையோ கேட்டாள். மரகதம் பதில் சொல்ல வெகுநேரம் ஆனது. குழந்தை இன்னொன்று கேட்டாள். அதற்கு மரகதம் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினாள். அழுதுகொண்டே ஆட்டினாள்.

காவ்யா அழவில்லை. அம்மாவை விட்டு விலகி, வெள்ளையடித்த அந்த ஒற்றை அறைக்குள் தனியாகப் போனாள். கதவைச் சாத்தினாள்.

மரகதம் எழுந்திருக்கவில்லை. பொன்னுசாமி கதவை நோக்கி நகர்ந்தார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். தறிக்காரர்கள் காட்டுவது போல, உள்ளங்கையை விரித்து. அவர் நின்றுவிட்டார்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. நான் மணி பார்க்காமல் இருந்த சில சமயங்களில் அது ஒன்று.

கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு சின்னக் கை மட்டும் வெளியே வந்து நின்றது. மரகதம் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டாள். கை அவளை உள்ளே இழுத்தது. கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

பொன்னுசாமி என்னிடம் என்னவோ சொன்னார்.

"என்னுங்க?" என்று கத்தினேன்.

ஒன்றுமில்லை என்று கையை அசைத்தார். திரை அணைந்துவிட்ட போனைப் பார்த்தார். அதைக் கொண்டுபோய், மிதிபடாதபடி, சாத்திய கதவின் ஓரமாக வைத்துவிட்டுத் தன் கொட்டகைக்குள் போனார்.

நான் வண்டியை உதைத்தேன். எடுத்ததா இல்லையா என்பதே அந்தச் சத்தத்தில் தெரியவில்லை. கைப்பிடி அதிர்வதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.